எம்.பி.ஏ. மருமகனுக்கு மாமன் சொல்லுத புத்தி

வா மருமகனே, வா. அந்த நாற்காலியில உக்காராதே, ஒரு கால் ஆட்டம். மேனேஜர் ஆகப்போற ஆளு கீழ விழுந்தா உங்கம்மா என்னைத்தான் ஏசுவா. இந்தா, திண்ணையில உக்காரு. உங்க அத்தை கருப்பட்டிக் காப்பி போட்டுக்கிட்டிருக்கா.

எம்.பி.ஏ.-வுல சேந்திருக்கியாமே? அதுலயும் எச்.ஆர்.! டவுன்ல காலேஜுக்குப் போயிப் படிக்கிறது இல்லை, வீட்டுல இருந்தபடியே தொலைநிலைக் கல்வி. நல்ல காரியம். நீ எங்கிட்டச் சொல்லலைன்னாலும் எனக்குத் தெரியும். ரிட்டயர் ஆன தபால்காரன்கிட்ட இந்த ஊருல எதையும் மறைக்க முடியாது. பார்சல் வந்த அன்னைக்கே புதுசா வந்திருக்க தபால்காரப் பிள்ளை சொல்லிட்டா: "தாத்தா, உங்க அக்கா வீட்டுக்கு ஆறு கிலோ படிப்பு வந்திருக்கு!"

அந்த ஆறு கிலோவும் என்ன பாடு படுதுன்னு தெரியுமா? முந்தாநாள் உங்க வீட்டு மச்சுக்கு ஏறினேன். உங்கம்மா கூழ் வடகம் பிழிஞ்சு வேட்டியில காயப் போட்டிருந்தா. காத்துக்கு வேட்டி பறக்காம இருக்க நாலு மூலைக்கும் நாலு புஸ்தகம். ஒரு மூலையில நிர்வாகக் கோட்பாடு, எதிர் மூலையில ஆர்கனைசேஷனல் பிஹேவியர். தென்மேக்கு மூலையில தொழிலாளர் சட்டம். இருக்கிறதுலயே கனம் அதுதான், மேகாத்தை அது ஒண்ணுதான் தாங்கிச்சு. மூணு புஸ்தகத்துக்கு பாலிதீன் உறையே பிரிக்கலை. அதனால புஸ்தகத்துல கூழும் ஒட்டலை, வடகத்துல மையும் ஒட்டலை. எல்லாம் நல்லதுக்குத்தான்.

நாலு செங்கலை வச்சுட்டு நாலு புஸ்தகத்தையும் எடுத்துக்கிட்டு வந்துட்டேன். மத்தியானம் தூக்கம் வராத கெழவனுக்கு வேற என்ன சோலி? எட்டாங்கிளாஸ் இங்கிலீஷும் தபாலாபீஸ் இங்கிலீஷும் வச்சு எழுத்துக்கூட்டிப் படிச்சேன். வெளங்காத எடத்துக்கு மேலத்தெரு டீச்சர் இருக்காங்க. ஆக, இந்தக் குடும்பத்துல எம்.பி.ஏ.-வுக்குப் பணம் கட்டினது நீ, படிக்கிறது நான்.

ஏன் எச்.ஆர். எடுத்தேன்னு கேக்க மாட்டேன். மார்க்கெட்டிங்னா வெயில்ல அலையணும். ஃபைனான்ஸ்னா கணக்கு வரும். சிஸ்டம்ஸுன்னா கம்ப்யூட்டரைக் கட்டிக்கிட்டு அழணும். மிச்சம் இருக்கிறது எச்.ஆர்., சிரிச்ச மொகமா நாலு வார்த்தை பேசினாப் போதும்னு டீக்கடையில எவனாவது சொல்லியிருப்பான். கணக்கு வராதுன்னு நம்பித்தானே எடுத்தே? இரு, இரு. அந்தக் கதைக்குப் பெறகு வாரேன்.

உன்னைக் குத்தம் சொல்லலைப்பா. பி.காம். முடிச்சுட்டு மில்லு டைம் ஆபீஸ்ல எவன் எத்தனை மணிக்கு உள்ள வந்தான்னு பாத்துக்கிட்டிருக்கே. அடுத்த நாற்காலிக்கு நகரணும்னா ஒரு தாளு வேணும்ங்காங்க. தாளுக்காகப் படிக்கிறதும் படிப்புத்தான். கல்யாணப் பத்திரிகையில பேருக்குப் பின்னால போட்டுக்கிடலாம், பொண்ணு வீட்டுக்காரங்க எச்.ஆர்.னா என்னன்னு கேக்க வெக்கப்பட்டுக்கிட்டுச் சரின்னுருவாங்க.

ஆனா ஒண்ணு யோசிச்சியா? டாக்டர் படிப்பு தொலைநிலையில கெடையாது. எஞ்சினியருக்குக் கெடையாது. வக்கீலுக்குக் கெடையாது. நர்ஸுக்கும் கெடையாது. கூடாதுன்னு யு.ஜி.சி.யே சொல்லியிருக்கு. ஊசி போடுத கையும் பாலம் கட்டுத கையும் நேர்ல நின்னு பழகணும்னு நெனைக்காங்க, நாயந்தான். ஆயிரம் பேரை வேலைக்கு எடுக்கிறது, நிறுத்துறது, சம்பளம் பிடிக்கிறது, இதை மட்டும் கட்டில்ல படுத்துக்கிட்டே படிச்சுக்கிடலாம். மனுசன் பாலத்தைவிட லேசுன்னு முடிவு பண்ணிட்டாங்க போல.

அதுக்காகத் தபால் வழிப் படிப்பை மட்டமாப் பேசினா எங்காக்கிச் சட்டை என்னை மன்னிக்காது. 1840-ல இங்கிலாந்துல ஐசக் பிட்மன்னு ஒருத்தர் சுருக்கெழுத்தைத் தபால்ல சொல்லிக் குடுத்திருக்கார். அந்த வருசந்தான் அங்க ஒரு பென்னிக்கு எந்த ஊருக்கும் கடுதாசி போடலாம்னு ஆச்சு. தபால் மலிவானதும் வாத்தியார் தபால் பெட்டிக்குள்ள பூந்துட்டார். நம்ம நாட்டுல டெல்லிப் பல்கலைக்கழகம் 1962-ல ஆரம்பிச்சது. நம்ம பக்கம் அண்ணாமலை 1979, சென்னை 1981. இக்னோ 1985. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002. இந்த ஊருல வாத்தியார் வேலை பாக்குதவங்கள்ல பலபேரு என் சைக்கிள் கேரியர்ல வந்த பார்சல்ல படிச்சவங்கதான். கீழத்தெருவுல ஒரு பிள்ளை, தீப்பெட்டி ஒட்டிக்கிட்டே பி.ஏ. முடிச்சா. பார்சலைக் கையில வாங்கினதும் வாசல்லயே பிரிப்பா, பசை கையைப் பாவாடையில தொடச்சுட்டு. வேற சிலபேரு கையெழுத்துப் போட்டு வாங்கி அப்படியே பரண்ல ஏத்திருவாங்க. பரீட்சை முடிவு எப்படி வரும்னு எனக்கு அன்னைக்கே தெரிஞ்சிரும். நீ எந்த ரகம்னு நான் சொல்லவா, மச்சுல இருக்க வடகத்தைக் கேக்கவா?

சரி, சேந்த எடம் உருப்படியான எடமான்னு பாத்தியா? யு.ஜி.சி.-யில இதுக்குன்னே ஒரு பிரிவு இருக்கு, டி.இ.பி.ம்பாங்க. எந்தப் பல்கலைக்கழகம், எந்தப் படிப்பு, எந்தக் கல்வியாண்டுன்னு பட்டியல் போடுவாங்க. பல்கலைக்கழகம் பெரிசுன்னு நம்பிக்கிட்டு இருக்கக் கூடாது. போன வருசம் அனுமதி இருந்துச்சுங்கிறதும் செல்லாது. நீ சேந்த வருசத்துக்கு, நீ சேந்த படிப்புக்கு இருக்கணும். அப்படி இருந்தா, காலேஜுக்குப் போயி வாங்கின பட்டமும் உன் பட்டமும் சமம்னு 2022 செப்டம்பர்ல யு.ஜி.சி. எழுத்துலயே சொல்லியிருக்கு. இல்லைன்னா கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிக்கிடலாம், அவ்வளவுதான். பஸ் ஸ்டாண்டு மாடியில 'ஒரே வருசத்துல டிகிரி, பரீட்சை எங்கள் பொறுப்பு'ன்னு ஒருத்தன் போர்டு வச்சிருப்பான். பரீட்சை அவன் பொறுப்புன்னா பட்டத்தையும் அவனே வச்சுக்கிடட்டும். பல்கலைக்கழகம் படிப்பை ஏஜென்டுக்குக் குத்தகைக்கு விடக் கூடாதுங்கிறது விதியிலயே இருக்கு. நாளைக்கு வேலைக்கு வாரவன் சர்டிஃபிகேட்டைச் சரிபாக்கப் போறவன் நீ. மொதல்ல உன்னுதைச் சரிபாத்துக்கோ.

ஆன்லைன் கிளாஸ் நடக்குத லட்சணத்தையும் பாத்தேன். ஞாயித்துக்கிழமை உங்க வீட்டுக்கு வந்தப்போ கட்டில்ல போன் கெடக்கு. அதுக்குள்ள ஒரு பேராசிரியர், பாவம், 'குழு உணர்வு'ன்னு தொண்டைத்தண்ணி வத்தப் பேசிக்கிட்டிருக்கார். அம்பது அறுபது பேரு இருக்கிற குழு, ஒருத்தன் மொகமும் தெரியலை. நீ கெணத்துல குளிச்சுக்கிட்டிருக்கே. 'சந்தேகம் ஏதும் இருக்கா?'ன்னு அவர் கேட்டார். எனக்கு இருந்துச்சு, கேக்க பட்டன் தெரியலை.

அசைன்மெண்டு வேற. இக்னோவுல 100 மார்க்குல 30 அதுக்குத்தானாம், 70 பரீட்சைக்கு. அந்த முப்பதையும் ஜெராக்ஸ் கடையில விக்கிறான், எழுதினதே ரெடியா இருக்காம், பேரு மட்டும் மாத்திக்கிடணுமாம். நீ அதை வாங்கினியா இல்லையான்னு நான் கேக்கலை. வாங்கியிருந்தா பேரை மாத்த மறந்துராதே, போன வருசம் நம்ம ஊருப் பையன் ஒருத்தன் வேற எவனோ பேருல நல்ல மார்க்கு வாங்கினான். பாடத்துக்குப் பேரு 'தொழில் நெறி'.

இப்போ புஸ்தகத்துக்குள்ள போவோம். காப்பி வரட்டும், அதுக்குள்ள நீ படிச்சிருக்க வேண்டியதை நான் சொல்லுதேன்.

மொதப் பாடத்துல டெய்லர்னு ஒரு அமெரிக்காக்காரர் வாரார். 1911-ல 'விஞ்ஞான நிர்வாகம்'னு புஸ்தகம் போட்டவர். இரும்பாலையில ஒரு கூலியாளு ஒருநாளைக்கு பன்னெண்டரை டன் இரும்பைச் சொமந்து வண்டியில ஏத்துதான். டெய்லர் கடியாரத்தை வச்சுக்கிட்டு, 'இப்போ எடு, இப்போ நட, இப்போ உக்காரு'ன்னு சொல்லிச் சொல்லி அதை நாப்பத்தேழரை டன் ஆக்கிட்டார். கூலியும் ஏத்தினார், இல்லைங்கலை. 1.15 டாலரை 1.85 ஆக்கினார். நானும் பென்சிலை எடுத்துப் போட்டுப் பாத்தேன். வேலை கிட்டத்தட்ட நாலு மடங்கு. கூலி ஒண்ணே முக்கால் மடங்கைக்கூடத் தொடலை. இதுல விஞ்ஞானம் எதுன்னு டீச்சர்கிட்டக் கேட்டேன், அவங்க சிரிச்சாங்க. எங்க காலத்துப் பண்ணையாருக்கு இந்த விஞ்ஞானம் புஸ்தகம் இல்லாமலே வரும்.

அடுத்து சிகாகோ பக்கம் ஹாதார்ன்னு ஒரு ஆலை, டெலிபோன் சாமான் செய்யுத எடம். 1924-லேர்ந்து 1932 வரைக்கும் அங்க ஆராய்ச்சி. வெளக்கு வெளிச்சத்தைக் கூட்டினாங்க, வேலை கூடுச்சு. வெளிச்சத்தைக் கொறைச்சாங்க, அப்பவும் வேலை கூடுச்சு. தலையைப் பிச்சுக்கிட்டாங்க. கடைசியில, ஒருத்தன் வந்து நம்மளையும் பாத்து ஒரு வார்த்தை கேக்கானேங்கிற நெனைப்புலதான் அவங்க நல்லா வேலை பாத்திருக்காங்கன்னு எழுதி வச்சாங்க. இன்னைக்கும் அதைப் பத்திச் சண்டை போட்டுக்கிட்டிருக்காங்களாம், போடட்டும். ஆனா உங்க மில்லுல வெளக்கைக் கொறைச்சதை மட்டும் யாரோ புடிச்சுக்கிட்டாங்க பாரு, அதைச் சொல்லணும்.

மாஸ்லோ 1943-ல சொன்ன அஞ்சு படி தெரியும்லா? அடியில சோறு தண்ணி, அதுக்கு மேல பாதுகாப்பு, அதுக்கு மேல ஒட்டு உறவு, அப்புறம் மரியாதை, உச்சியில தன்னைத் தானே நெறவேத்திக்கிடுதது. நல்ல ஏணி. கேன்டீன்ல சாம்பார் தண்ணியா ஓடுதப்போ உச்சிப் படியைப் பத்தி நோட்டீஸ் ஒட்டாதே, வாங்கிக் கட்டிக்கிடுவே. மெக்ரெகர் 1960-ல ரெண்டு கட்சி பிரிச்சார். எக்ஸ் கட்சி: மனுசன் சோம்பேறி, விரட்டினாத்தான் வேலை. ஒய் கட்சி: மனுசன் தானாவே பாப்பான், நம்பி விடு. உங்க மில்லுல எல்லா நாளும் எக்ஸ், இன்ஸ்பெக்டர் வார அன்னைக்கு மட்டும் ஒய்.

இவ்வளவு சிகாகோ போட்டவங்க தூத்துக்குடியை விட்டுட்டாங்களே மருமகனே! நம்ம ஊருலேர்ந்து ஒரு பஸ் தூரம். 1908 பிப்ரவரிக் கடைசியில கோரல் மில்லுல வேலைநிறுத்தம். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னால நின்னாங்க. கேட்டது என்ன? கூலி கூடுதல் வேணும், வாரத்துல ஒருநாள் லீவு வேணும். சில நாள்லயே நிர்வாகம் எறங்கி வந்துச்சு. பத்து வருசம் கழிச்சு 1918-ல வாடியாவும் திரு.வி.க.வும் மெட்ராஸ்ல தொழிற்சங்கம் கட்டினாங்க, சாப்பிட நேரம் பத்தலைங்கிறதும் பெரம்பூர் மில்லுக்காரங்க முறைப்பாட்டுல ஒண்ணு. நீ ஞாயித்துக்கிழமை பதினோரு மணி வரைக்கும் கெணத்துல நீச்சல் அடிக்கிறியே, அது எந்தக் கம்பெனியும் தீபாவளி இனாமாக் குடுத்தது இல்லை. பரீட்சையில இதைக் கேக்க மாட்டாங்க. சங்கத்துக்காரங்க உன் மேசைக்கு எதிர உக்காரும்போது கேப்பாங்க.

இந்தா, காப்பி வந்துருச்சு. குடி.

எனக்கு எச்.ஆர். பாடம் வந்ததே ரிஜிஸ்டர் தபால்லதான். இப்போ ரிஜிஸ்டரையே ஸ்பீடு போஸ்ட்டோட சேத்துட்டாங்க, 2025-ல. அப்போல்லாம் மில்லுலேர்ந்து நீளமா ஒரு பழுப்புக் கவர் வரும், பின்னால ஒப்புகை அட்டை குத்தியிருக்கும். அதைப் பாத்தாலே தெருவுல பொம்பளைங்க வாசலைச் சாத்துவாங்க. சார்ஜ் மெமோ. கையெழுத்துப் போடலைன்னா மெமோ செல்லாதுன்னு ஊருல ஒரு நம்பிக்கை. 'வாங்க மறுத்தார்'னு நான் எழுதித் திருப்பி அனுப்பினா வாங்கின கணக்குத்தாங்கிறது அவங்களுக்குத் தெரியாது.

ஸ்பின்னிங்ல சைடு ஓட்டுத ஒருத்தன், சொல்லாம கொள்ளாம எட்டு நாள் வேலைக்குப் போகலை. மெமோ வந்துருச்சு. பொண்டாட்டி, 'வாங்காதீக, வாங்காதீக'ன்னு உள்ள இருந்து சத்தம் போடுதா. நான்தான், 'வாங்கு, ஒண்ணும் ஆகாது, வாசிச்சுச் சொல்லுதேன்'னேன். திண்ணையில உக்காந்து வாசிச்சேன். அனுமதி இல்லாம வேலைக்கு வராததுக்கு ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது, ஏழு நாள்ல விளக்கம் தரணும். பையன் தலை மொட்டை. அப்பத்தான் பாக்குதேன். எட்டயபுரத்துப் பக்கம் இருந்த அவன் அப்பன் செத்துட்டான். கூட வேலை பாக்குதவன்கிட்டச் சொல்லி அனுப்பியிருக்கான், அவன் சொல்ல மறந்துட்டான். அவ்வளவுதான் விவகாரம். நானே ஒரு தாள்ல பதில் எழுதி, கையெழுத்து வாங்கி, தபால்ல சேத்தேன்.

நாலாம் நாள் அந்த மில்லு பர்சனல் ஆபீசர் டி.வி.எஸ். 50-ல வந்து எறங்கினார். நான் அடுத்த வீட்டுல மணியார்டர் பட்டுவாடா பண்ணிக்கிட்டு நிக்கேன். ஆளு பாய் கேக்கலை, நாற்காலி கேக்கலை, படியிலயே உக்காந்தார். அப்பனுக்கு என்ன சீக்கு, எத்தனை நாள் படுக்கை, ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு கடன், ஒவ்வொண்ணாக் கேட்டார். எறப்புச் சான்று வாங்கிட்டியான்னு கேட்டார். 'திங்கக்கிழமை பகல் ஷிப்டுக்கு வந்திரு, சான்றை அப்புறமாக் குடு'ன்னுட்டு நீச்சத்தண்ணி வாங்கிக் குடிச்சுட்டுப் போயிட்டார். அவர் படிச்சதும் தபால்லதான்னு பெறகுதான் கேள்விப்பட்டேன். நல்ல ஆபீசர். மெமோ அனுப்புததுக்கு முந்தியே ஒரு நடை வந்திருந்தா எனக்கு ஒரு வசவு மிச்சமாயிருக்கும்.

ஆமாப்பா, வசவு. டிஸ்மிஸ் ஆர்டர்ல கையெழுத்துப் போடுதவர் மின்விசிறிக்குக் கீழ இருப்பார். அதைக் கையில குடுத்துட்டு அந்த வீட்டுப் பொம்பளை மண்ணை வாரித் தூத்துததுக்குத் தலையைக் குடுத்துக்கிட்டு நிக்கிறவன் தபால்காரன். இப்போ அதையும் வாட்ஸ்அப்புல அனுப்பிருதாங்களாம். மண்ணை வாரி எந்தப் பக்கம் தூத்துவாங்கன்னுதான் தெரியலை.

உங்க கம்பெனியில வரவேற்புல என்னமோ எழுதி மாட்டியிருக்காங்களே, 'நாம் ஒரே குடும்பம்'னு. அதை மட்டும் எவன் கேட்டாலும் நீ சொல்லாதே. குடும்பம்னா பங்கு கேப்பான். சம்பளத்தை ஏழாந்தேதி போடுதோம்னு எழுதி மாட்டு, போட்டுரு, அது போதும்.

இப்போ கணக்குக்கு வருவோம். கணக்குக்குப் பயந்து எச்.ஆர். எடுத்த புண்ணியவானே, இந்தத் தொழில்ல முக்கால்வாசி கணக்குத்தான். வாயில வரணும். வேலைக்காரன் கேட்டா 'சிஸ்டத்துல பாத்துச் சொல்லுதேன்'னு சொல்லப்படாது.

பி.எஃப்.: சம்பளம் 15,000-னா தொழிலாளிகிட்ட 12 சதவீதம், 1,800. மொதலாளி அதே 1,800 போடணும். ஆனா அவன் போடுததுல 8.33 சதவீதம், 1,250 ரூவா, பென்சனுக்குப் போயிரும். மிச்சம் 550-தான் பி.எஃப்.-ல ஏறும். 'சார், மொதலாளி பணத்துல பாதிக்கு மேல காணோமே'ன்னு கேக்காத தொழிலாளி கெடையாது. உனக்குச் சொல்லத் தெரியணும். இ.எஸ்.ஐ.: 21,000 ரூவாச் சம்பளம் வரைக்கும். தொழிலாளிக்கு 0.75, மொதலாளிக்கு 3.25 சதவீதம். 12,000 வாங்குதவன்கிட்ட 90 ரூவா பிடிச்சா 390 கம்பெனி கட்டணும். போனஸ் கொறைஞ்சது 8.33 சதவீதம், வருசச் சம்பளத்தைப் பன்னெண்டாப் பங்கு வச்சு அதுல ஒண்ணுன்னு வச்சுக்கோ. அதிகமாப் போனா 20.

கிராஜுட்டிதான் சூட்சுமம். மாசச் சம்பளத்தை முப்பதால வகுக்கப்படாது, இருபத்தாறால வகுக்கணும். அடிப்படையும் பஞ்சப்படியும் சேந்து 13,000-னா ஒருநாளைக்கு 500. வருசத்துக்குப் பதினஞ்சு நாள், 7,500. பத்து வருசம் வேலை பாத்தவனுக்கு 75,000. முப்பதால வகுத்தா 65,000-தான் வரும். பத்தாயிரம் ரூவா, ஒரு வகுத்தல்ல போயிரும். இதை ஒழுங்கா வகுக்கத் தெரிஞ்ச எச்.ஆர். பட்டம் இல்லாதவனா இருந்தாலும் நான் எந்திரிச்சு நின்னு கும்பிடுவேன். அஞ்சு வருசம் முடிஞ்சாத்தான் கிராஜுட்டிம்பாங்க. அஞ்சாவது வருசத்துல 240 நாள் வேலை பாத்திருந்தாலே அஞ்சு வருசக் கணக்குத்தான்னு நம்ம சென்னை ஹைகோர்ட்டு 1998-லயே சொல்லிருச்சு. இது தெரியாம, தெரிஞ்சும் தெரியாம, எத்தனை பேரை வெறுங்கையோட வீட்டுக்கு அனுப்பியிருக்காங்க!

இன்னொரு ரகசியம். உன் புஸ்தகம் கனமா இருக்கே தவிர பழசு. 1947 தொழில் தகராறு சட்டம், 1948 தொழிற்சாலைச் சட்டம், 1972 கிராஜுட்டிச் சட்டம்னு அடுக்கியிருக்கு. 29 சட்டத்தைச் சுருட்டி 4 தொகுப்பா ஆக்கி, 2025 நவம்பர் 21-லேர்ந்து அமலுக்கு வந்தாச்சுன்னு மத்திய அரசு அறிவிச்சிருச்சு. படிகளெல்லாம் மொத்தச் சம்பளத்துல பாதிக்கு மேல போச்சுன்னா, மிஞ்சினதும் சம்பளக் கணக்குலதான் சேரும். அடிப்படையைக் கொறைச்சுக் காட்டி வாடகைப்படி, அந்தப்படி, இந்தப்படின்னு பிரிச்சு வைக்கிற வித்தைக்கு அது ஆப்பு. வேலையை விட்டு நின்னவனுக்குச் சம்பளப் பாக்கியை ரெண்டு வேலை நாள்ல முடிச்சுக் குடுக்கணும், 'மூணு மாசம் ஆகும்'னு இழுக்க முடியாது. குறிப்பிட்ட காலத்துக்குன்னு எடுத்த ஆளுக்கு ஒரு வருசத்துலயே கிராஜுட்டி உண்டு. 500 பேருக்கு ஒரு நல அலுவலர்னு இருந்ததை 250 பேருன்னு கொறைச்சிருக்காங்க. உனக்கு வேலை கெடைக்க வழி பொறந்திருக்கு பாரு! பரீட்சைக்கு எந்தச் சட்டம்னு பல்கலைக்கழகத்துல கேட்டுக்கோ, அவங்க பழசைச் சொன்னா பழசை எழுது. மேசைக்கு வந்தா புதுசைப் பாரு. ரெண்டையும் மாத்திச் செஞ்சா பரீட்சையிலயும் போவே, வேலையிலயும் போவே.

பரீட்சைக்கு லீவு வேணும்லா? இப்பவே எழுதிக் குடு. லீவே குடுக்காத உங்க எச்.ஆர். மேனேஜர்கிட்ட, எச்.ஆர். பரீட்சைக்கு லீவு கேட்டு நிக்கப் போறே. இந்தப் படிப்புல இருக்கிற ஒரே செய்முறைத் தேர்வு அதுதான். என்ன சொல்லுதார், எப்படிச் சொல்லுதார், மூஞ்சி எப்படிப் போகுதுன்னு நல்லாக் கவனி. நாளைக்கு அந்த நாற்காலியில நீ இருக்கும்போது எவனாவது இதே மாதிரி வந்து நிப்பான்.

புஸ்தகத்தைத் தூக்கிட்டுப் போ. நாள் தப்பாம ஒரு பத்துப் பக்கம் படி, ஷிப்டு முடிஞ்சு வந்து. சட்டப் புஸ்தகத்தை மட்டும் எங்கிட்டயே விடு, இன்னும் ரெண்டு பாடம் பாக்கி.

எங்க எந்திரிக்கே? இரு, ஒரு விசயம் சொல்ல மறந்துட்டேன்.

வடக்குத் தெரு மாரியக்கா இருக்காள்ல, ரெண்டு மில்லுல வேலை பாத்தவ. மொத மில்லு பி.எஃப். ஒரு நம்பர்ல கெடக்கு, ரெண்டாவது இன்னொரு நம்பர்ல. ஒண்ணுல மாரியம்மாள், ஆதார்ல மாரியம்மா. பேரு ஒத்துவரலைன்னு பணம் எடுக்க முடியலை. பிரவுசிங் சென்டர்ல ஐந்நூறு வாங்கிக்கிட்டு, போகும்போதெல்லாம் 'சர்வர் டவுன்'ங்கானாம். ரெண்டாவது மில்லுல நாலு வருசம் பத்து மாசம் பாத்துட்டுப் போன வருசம் நின்னவ. அஞ்சு வருசம் ஆகலை, கிராஜுட்டி கெடையாதுன்னு வாய்ச்சொல்லாச் சொல்லி அனுப்பிட்டாங்க. அந்தக் கடைசிப் பத்து மாசத்துல 240 நாள் தேறுதான்னு எண்ணணும். வருகைப் பதிவு எண்ணத் தெரிஞ்ச ஆளு இந்த ஊருல நீ ஒருத்தன்தான்.

எம்மருமகன் எம்.பி.ஏ. எச்.ஆர்.னு அவகிட்டச் சொல்லிட்டேன். நாளைக்கு ஞாயித்துக்கிழமை, காலையில பத்து மணிக்கு உங்க வீட்டுக்கு வருவா. ஆதார், பேங்க் பாஸ்புக்கு, பழைய சம்பளச் சீட்டு எல்லாத்தையும் ஒரு மஞ்சப் பையில போட்டுக் கொண்டாரச் சொல்லியிருக்கேன். கெணத்துக்குக் குளிக்கப் போயிராதே.